மழை மறைவில் ஒரு நடை



நான் எழுத்தாளன் அல்லன். பொறியியல் பட்டயப் படிப்பு முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம், பாலம், வடிகால் என்றே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். சென்ற ஜூன் மாதம் என் பேரனை அழைத்துக்கொண்டு சின்னாறு காட்டுக்குப் போய்வந்ததைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சொன்னேன். "கேரளத்தில் கள்ளிக்காடா? அதுவும் ஜூன் மாதத்தில் வெயிலா?" என்று இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் மூணாறுக்குப் பத்துத் தடவை போய்வந்தவர். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இக்கட்டுரை. நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேரன் மகள் வயிற்றுப் பிள்ளை. வயது பத்தொன்பது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கல்லூரியில் படிக்கிறான். தமிழ் நன்றாகப் பேசுவான்; படிக்கும்போதுதான் எழுத்துக் கூட்டுவான். விடுமுறைக்கு வந்திருந்தவன் ஒலவக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அங்குள்ள சகுவாரோ தேசியப் பூங்காவில் தான் நடந்த படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். பனைமரம் போல் உயர்ந்து, கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கள்ளிகள். நடுவே ஒரு மண் பாதை. பாதை முடியும் இடத்தில் ஒரு பாறை மேடு. அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை வறண்ட நிலம். எங்கள் வீட்டு ஓட்டிலிருந்து மழைத் தண்ணீர் கயிறு கயிறாய் இறங்கிக்கொண்டிருந்தது. "தாத்தா, இங்கே இந்த மாதிரி ஒன்றும் கிடையாது இல்லையா? உங்கள் ஊர் முழுக்க ஈரம்தான்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "நாளை மறுநாள் விடியற்காலையில் தயாராக இரு" என்றேன்.

சுவரும் அதிலுள்ள வாசலும்

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கி.மீ. நீளமுள்ள சுவர். அந்தச் சுவரில் உள்ள வாசல்களில் மிகப் பெரியது நம் பாலக்காட்டுக் கணவாய். முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகலம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் நாம். இந்த வாசல் இருந்ததால்தான் 1862-லேயே சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை ரயில் பாதை போட முடிந்தது. மலையைக் குடைய வேண்டிய வேலை இல்லை. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து இந்த வாசல் வழியாக வீசும் காற்று நம் கதவுகளை அடித்துச் சாத்துவதையும், ஜூன் மாதத்தில் அதே வாசல் வழியாக மேற்குக் காற்று தமிழ்நாட்டுக்குள் பாய்வதையும் நாம் எல்லோரும் அறிவோம்.

நாங்கள் போனது பொள்ளாச்சி வழி. 1932-ல் மீட்டர் பாதையாகப் போடப்பட்டு 2015-ல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்ட வழி. பழைய மீட்டர் பாதையில் நான் டிராலியில் போன நாட்களைப் பற்றி எழுதினால் இந்த இதழ் போதாது. கொல்லங்கோடு தாண்டும்போது தெற்கே நெல்லியாம்பதி மலைச் சரிவில் வெள்ளிக்கோடு போட்டாற்போல் அருவிகள் தெரிந்தன. பெட்டிக்குள் சாரல் அடித்தது. முதலமடையில் மழை, மீனாட்சிபுரத்தில் தூறல், பொள்ளாச்சியில் மேகம் மட்டும். உடுமலைப்பேட்டையில் இறங்கியபோது பிளாட்பாரம் காய்ந்து கிடந்தது. காற்று மட்டும் பலமாக வீசியது. ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. நம் வாசல் வழியாக வந்த காற்றேதான். "காற்று வந்துவிட்டது, மழையை எங்கே விட்டுவிட்டு வந்தது?" என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி.

மலை மழையைப் பிழிவது எப்படி

பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டே, பழைய டிக்கெட்டின் பின்புறம் அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். அதை இங்கேயும் தருகிறேன்.

காற்று மேலே ஏறினால் குளிரும். ஈரம் திரளாத வரை 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குறையும். ஒரு கட்டத்தில் ஈரம் தாங்காமல் மேகமாகத் திரளத் தொடங்கும். ஆவி நீராகும்போது, தான் முன்பு வாங்கிவைத்திருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஆகவே அதன் பிறகு குளிர்வது மெதுவாகும்; நம் பக்கத்து ஈரக் காற்றுக்கு 1,000 மீட்டருக்கு 5 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அரபிக்கடல் கரையில் 28 டிகிரி வெப்பமுள்ள காற்று இடுக்கி மலையில் ஏறுகிறது. 500 மீட்டர் உயரத்தில் 23 டிகிரி ஆகி, மேகம் திரளத் தொடங்குகிறது என்று கொள்வோம். அங்கிருந்து 2,000 மீட்டர் வரை மழையைக் கொட்டிக்கொண்டே ஏறுகிறது. 1,500 மீட்டருக்கு ஏழரை டிகிரி குறைந்து உச்சியில் 15.5 டிகிரி. இப்போது மலையைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். இறங்கும் காற்று சூடேறும். நீரை மேற்கே கொட்டிவிட்டதால் இப்போது முழு வேகத்தில், 1,000 மீட்டருக்கு 10 டிகிரி ஏறும். மறுபுறம் 500 மீட்டருக்கு வந்து சேரும்போது அதன் வெப்பம் 30.5 டிகிரி. மேற்குச் சரிவில் அதே உயரத்தில் 23 டிகிரியாக இருந்த காற்று, கிழக்கே ஏழரை டிகிரி கூடுதல் சூட்டோடும் பாதி காலியான பையோடும் நிற்கிறது. அது மழை கொடுக்காது. நிலத்திலும் நம் உடம்பிலும் உள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும்.

இயற்கையில் இத்தனை சுத்தமாகக் கணக்கு வராது. ஆனாலும் திசை தவறாது. இப்படி மலைக்குப் பின்னால் மழை கிடைக்காமல் போகும் இடத்தைத்தான் மழை மறைவுப் பிரதேசம் என்கிறோம். ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம். அதன் ஒரு பக்கத்தில் மூணாறு, ஆண்டுக்கு 3,000 மி.மீ.-க்கும் மேல் மழை. மறுபக்கம் வடகிழக்கே சாலை வழியாக 60 கி.மீ. தூரத்தில் சின்னாறு, ஏறத்தாழ 500 மி.மீ. அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றில் வருவது. ஆண்டில் 48 நாள் மழை பெய்தால் அதிகம். நம் பாலக்காடு மாவட்டத்திலேயே அட்டப்பாடியில் இதே காட்சியைப் பார்க்கலாம். முக்காலிப் பக்கம் பச்சை, கிழக்கே போகப் போக முள்.

"250 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால்தானே தாத்தா பாலைவனம்?" என்றான் பேரன். உண்மை. சின்னாறு பாலைவனம் அல்ல. அரை வறட்சி நிலம். ஆனால் அவன் நடந்த சகுவாரோ பகுதியிலும் ஆண்டுக்கு 300 மி.மீ. அளவில் மழை உண்டு. எவ்வளவு பெய்கிறது என்பது மட்டும் கணக்கல்ல. வெயிலும் காற்றும் எவ்வளவைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

முதல் நாள்: என் தவறு

உடுமலையிலிருந்து மூணாறு பஸ்ஸில் ஏறிச் சின்னாறு சோதனைச் சாவடியில் இறங்கியபோது மணி பதினொன்று. சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் 1984-ல் அமைந்தது, பரப்பு 90.44 சதுர கி.மீ. இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரளம், இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகம். உள்ளே தனியாக நடக்க அனுமதி இல்லை. காட்டிலேயே வாழும் மக்களில் ஒருவர் வழிகாட்டியாக வருவார். எங்களுக்கு வந்தவர் முதுவர் சமூகத்தைச் சேர்ந்தவர், நாற்பது வயது இருக்கலாம். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது முதுவர்களின் வழிவழிக் கதை. அவரிடம் நாங்கள் பேசியதும் அவர் எங்களிடம் பேசியதும் தமிழே.

காவல் கோபுரம் வரை போய் வருவது என்று முடிவு. தூரம் பெரிதல்ல. பேரன் தன் பையில் மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றான். அரிசோனாவில் அதுதான் பழக்கமாம். "இந்த நடைக்கு எதற்கடா? நான் பதினைந்து கிலோமீட்டர் லைன் நடந்தவன்" என்று சொல்லி ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று போதும் என்றேன். வழிகாட்டி, "ஐயா, இப்ப ஏறு வெயில். சாயங்காலம் மூணரைக்குப் போலாங்களே" என்றார். நான் கேட்கவில்லை. அவருக்கு வயதில் நான் பெரியவன் என்பதைத் தவிர அந்த இடத்தில் எனக்கு வேறு தகுதி எதுவும் கிடையாது.

முதல் இருபது நிமிடம் சுகமாக இருந்தது. காற்று விடாமல் வீசியதால் வியர்வையே தெரியவில்லை. சட்டை நனையவில்லை. பாலக்காட்டில் இந்த வெயிலில் நடந்தால் தொப்பலாகியிருப்பேனே, இங்கே வியர்க்கவே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அங்கேதான் ஏமாந்தேன். வியர்க்காமல் இல்லை, வியர்த்த மறுகணமே உலர்ந்த காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெயிலில் ஏற்றத்தில் நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் போகலாம். ஈரமான ஊரில் சட்டை நனைந்து எச்சரிக்கும். வறண்ட ஊரில் எச்சரிக்கை இல்லை. போதாக்குறைக்கு வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியும் குறைவு. நான் இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவன் என்பதும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

பிறகு தலை வலித்தது. குமட்டியது. ஆடுசதை இழுத்தது. பாதை ஒரு பக்கமாகச் சாய்வது போல் இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே வழிகாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டார். கையைப் பிடித்து ஓர் உசிலை மரத்தடியில் உட்கார வைத்தார். அதன் நிழல் சல்லடை நிழல், ஆனாலும் நிழல். பேரன் பையிலிருந்து உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் கலக்கினான். என் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டான். வழிகாட்டி ஒரு கிளையை ஒடித்து விசிறவில்லை, தன் தொப்பியால் விசிறினார். சரணாலயத்தில் கிளை ஒடிக்கக் கூடாதாம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒருவரின் நினைவு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம், வெயிலில் தண்டவாளத்தின் சூடு காற்றின் சூட்டைவிடப் பதினைந்து இருபது டிகிரி கூடியிருக்கும் வேளை. ஒரு வயதான கேங்மேன் மதியம் ஒரு மணிக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் என்ன நிழல் வேண்டிக் கிடக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனார். சூட்டினால் தண்டவாளம் எத்தனை மில்லிமீட்டர் நீளும் என்று எனக்கு மனப்பாடம். மனிதனுக்கு என்ன ஆகும் என்று யோசித்ததில்லை.

அரை மணி கழித்து மெதுவாக இறங்கி வந்துவிட்டோம். கோபுரம் பார்க்கவில்லை. மறையூரில் அறை எடுத்துத் தங்கினோம்.

வாசகர்களில் என் வயதுக்காரர்கள் பலர். ஆகையால் சில விஷயங்கள். தலைவலி, குமட்டல், தசை இழுப்பு வந்தால் அங்கேயே நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்காமல் உப்பும் சேர வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வேறு விஷயம். உடம்பைத் தண்ணீரால் நனைத்துக் காற்று வீசிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் இப்படிப்பட்ட நடைக்குப் போகும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் நாள்: கோபுரத்தின் மேல்

மறுநாள் காலை முதல் அனுமதியிலேயே உள்ளே போனோம். அதே வழிகாட்டி. "ஐயா தண்ணி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. என் தோளில் இரண்டு லிட்டர், பேரன் தோளில் மூன்று லிட்டர்.

காலை வெளிச்சத்தில்தான் காட்டையே பார்த்தேன். வெள்வேல், உசிலை, கிளுவை, இடையிடையே கள்ளி. எல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி நிற்கின்றன. ஈரக் காட்டு மரங்களைப் போல முண்டியடிப்பதில்லை. கிடைக்கும் நீருக்குத் தக்கபடி வேர் பரப்பிக்கொள்ளும் இடைவெளி அது. ஓரிடத்தில் பேரன் நின்றுவிட்டான். தட்டைத் தட்டையாய்த் தண்டு, அதில் முள். "இது அரிசோனாவில் இருக்கிறது தாத்தா!" சப்பாத்திக்கள்ளி. அது அமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்து தங்கிவிட்ட செடி. ஆனால் நம் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் அந்தக் குடும்பமே அல்ல. கீறினால் பால் வருவது நம் கள்ளி. சப்பாத்திக்கு அந்தப் பால் கிடையாது. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகவே பரிசோதனை வேண்டாம். இரண்டு வேறு குடும்பங்கள், இரண்டு வேறு கண்டங்களில், ஒரே பிரச்சினைக்கு ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன: இலையைக் கைவிடு, தண்டைப் பச்சையாக்கு, அதில் நீரைச் சேர்த்துவை. அரிசோனாக் கள்ளிகள் பகலில் தோலிலுள்ள துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்று வாங்கும் என்று பேரன் சொன்னான். காலையும் மாலையும் நடந்து பகலில் நிழலில் இருப்பதும் அதே முறைதான்.

பாதி வழியில் வழிகாட்டி கையை உயர்த்தினார். பாதையில் யானை லத்தி, ஈரம் காயாமல் இருந்தது. நாங்கள் மூவரும் இருபது நிமிடம் அசையாமல் நின்றோம். எங்கோ கிளை முறியும் சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு அவர் மூக்கால் காற்றைப் பார்த்துவிட்டு "போலாம்" என்றார். யானையைப் பார்க்கவில்லை. பார்க்காததில் எனக்கு வருத்தமும் இல்லை.

கோபுரத்தின் படிகளில் நான் நின்று நின்றுதான் ஏறினேன். மேலே போனதும் பேரன் அரிசோனாவை மறந்துவிட்டான். நான்கு புறமும் சாம்பல் பச்சை முள்காடு, மடிப்பு மடிப்பாக. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ்நாட்டு மலைகள் வெயிலில் காய்ந்து நின்றன. தென்மேற்கே உயர்ந்த மலைத்தொடர். அதன் தலையில் வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் மேகம். அந்தச் சுவரின் விளிம்பைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தோம். மேகம் மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் வழிகிறது, கொஞ்சம் இறங்குகிறது, இறங்கிய இடத்திலேயே கரைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. பின்னாலிருந்து வேறு மேகம் வருகிறது, அதுவும் கரைகிறது. டிக்கெட்டின் பின்புறம் நான் போட்ட கணக்கு அங்கே மலைமேல் நடந்துகொண்டிருந்தது. "அந்த 15.5 அங்கே, இந்த 30.5 இங்கே" என்று பேரன் விரலால் காட்டினான்.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் நல்லியல்பு இழந்து திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லும் கருத்தைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதை நான் கவிஞரின் கற்பனை என்றே நினைத்திருந்தேன். பின்னால் குறிஞ்சி மலையும் காலடியில் முள்காடுமாக அங்கே நின்றபோது, நேரில் பார்த்தவர் சொன்னதாகத்தான் பட்டது.

பச்சை நூல்

அந்தச் சாம்பல் காட்டின் நடுவே ஒரே ஒரு பச்சை நூல் வளைந்து வளைந்து ஓடியது. அதுதான் ஆறு. ஆனைமுடிப் பக்கத்து ஈரமலையில் பிறந்த பாம்பாறு, மறையூரைக் கடந்து, தூவானத்தில் அருவியாக விழுந்து இந்த வறண்ட காட்டுக்குள் வருகிறது. கூட்டாறு என்ற இடத்தில் சின்னாற்றோடு சேர்கிறது. மழையில்லாத காட்டில் வற்றாத ஆறு. மேலே கொட்டிய மழையில் ஒரு பங்கை மலை இப்படிப் பின்பக்கமாகத் திருப்பிக் கொடுக்கிறது.

இறங்கி வந்து ஆற்றங்கரைக்குப் போனோம். நீர்மருது மரங்கள் கரையின் இருபுறமும் கூரை போட்டிருந்தன. ஐம்பது அடி தள்ளி முள். இங்கே குளிர்ந்த நிழல். வழிகாட்டி மேலே காட்டினார். சாம்பல் நிற மலை அணில், வால் மட்டுமே ஒரு முழத்துக்கு மேல். தமிழ்நாட்டில் இதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். கேரளத்தில் இதன் இருப்பிடம் இந்தச் சின்னாறு. அதுவும் காடு முழுவதும் அல்ல, கிளையோடு கிளை தொடும் இந்த ஆற்றங்கரை மரவரிசையில்தான். நடுவில் நான்கு மரங்களை வெட்டினால் அணிலுக்குப் பாதை துண்டாகிவிடும். பாலம் போன லைன் மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

இந்தத் தண்ணீர் இங்கிருந்து எங்கே போகிறது? அமராவதியாகப் பெயர் மாறித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1957-ல் கட்டிய அமராவதி அணையில் தேங்கி, உடுமலை, தாராபுரம் வயல்களுக்குப் பாய்ந்து, கரூர் அருகே காவிரியில் கலக்கிறது. கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுக்கு 3 டி.எம்.சி. மறையூரில் கரும்பு விளைவதும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் காய்ச்சப்படுவதும் இதே தண்ணீரில். எல்லையின் இரு பக்கமும் நம் உறவினர்கள் இருக்கிறார்கள். இரு பக்கமும் குடிப்பது ஒரே சுவரில் பிழிந்த மழை.

சுவரின் மறுபக்கம்

மாலையில் மறையூரிலிருந்து மூணாறு பஸ் ஏறினோம். சந்தனக் காட்டைத் தாண்டும்வரை ஜன்னல் திறந்திருந்தது. ஏற்றம் தொடங்கி, தேயிலை கண்ணில் பட்டதும் காற்றில் ஈரம் வந்தது. தலையாறு பக்கம் வரும்போது கண்டக்டர், "ஷட்டர் இறக்குங்க, ஷட்டர் இறக்குங்க" என்று கூவினார். அடுத்த வளைவில் மழை அடித்தது. பகலில் கோபுரத்தின் மேலிருந்து பார்த்த வெள்ளைச் சுவருக்குள் பஸ் நுழைந்துவிட்டது. பேரன் கடிகாரத்தைப் பார்த்தான். காய்ந்த சாலைக்கும் இந்த மழைக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இராஜமலைப் பக்கம் வரும்போது பஸ்ஸில் பேச்சு அடங்கியது. அங்கிருந்து மலைக்குள் போனால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழர்கள். அன்று 24 மணி நேரத்தில் அங்கே 600 மி.மீ. அளவுக்கு மழை பதிவானதாகச் செய்திகள் வந்தன. சின்னாறு ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையைவிட அதிகம். இதே மலையில் 1924 ஜூலையில் பெய்த மழை, நம் பெரியவர்கள் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்வார்களே, அந்த வெள்ளம் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. அந்தப் பாதை பிறகு போடப்படவே இல்லை. ரயில்காரனாகிய எனக்கு அது வெகுநாளாகத் தெரியும். பெட்டிமுடியில் போனவர்களின் உறவினர் ஒருவர் எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. அவரிடம் நான் மில்லிமீட்டர் கணக்கு எதுவும் பேசவில்லை.

ஒரு டப்பா

மூணாறு விடுதியில் அன்றிரவு பேரன், பக்கவாட்டு நேராக உள்ள ஒரு பிஸ்கட் டப்பாவை மூடியில்லாமல் வெளியே திறந்தவெளியில் வைத்தான். காலை எட்டரை மணிக்கு அதற்குள் அளவுகோலை நட்டுப் பார்த்தான். 64 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். ஆக ஒரு சதுர மீட்டரில் 64 லிட்டர். அதே டப்பாவை முந்தின நாள் மறையூர் விடுதி மாடியிலும் வைத்திருந்தான். அதில் கொஞ்சம் தூசு இருந்தது.

இதை நம் வாசகர்களும் செய்யலாம். அட்டப்பாடியிலும், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்திலும், மறையூரிலும், மூணாறு எஸ்டேட்டுகளிலும் இந்த இதழைப் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்று, ஓர் அளவுகோல், ஒரு நோட்டுப் புத்தகம். மரமோ கூரையோ மறைக்காத இடம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து, எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத மறக்கக் கூடாது. மறைவுப் பகுதிக்காரர்களுக்குப் பூஜ்யம்தான் முக்கியமான எண். டிசம்பரில் சங்க முகவரிக்கு அனுப்பினால் ஊர்வாரியாகக் கோட்டுப் படம் வரைந்து தருகிறேன். சிரித்த நண்பர்கள் இருவரும் டப்பா வாங்கிவிட்டார்கள். பேரன் திரும்பிப் போய் டூசானில் தன் அறை மாடியில் ஒன்று வைத்திருக்கிறான். சென்ற ஞாயிறு போன் செய்து, இருபத்தோராவது பூஜ்யம் என்றான்.